அந்தப் பிளேனில நாங்களும் வாறம்

யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை சண்டையால் மறுபடியும் மூடப்பட்டதற்கு அடுத்த வருடம் இது நடந்தது. அப்போது நான் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு லேனில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வேலை கொட்டாஞ்சேனையில், ஒரு ஹாட்வெயார் கடையில். காலையில் பஸ்ஸில் போவேன், பின்னேரம் பஸ்ஸில் வருவேன். இரண்டு இடத்திலும் என்னோடு அதிகம் கதைப்பவர்கள் இல்லை. குற்றம் அவர்களுடையது அல்ல. எனக்குச் சிறு வயதிலிருந்தே கூச்சம். கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கும்போதுகூட ஆட்களின் முகத்தைப் பார்க்காமல் ஆணியைப் பார்த்துக்கொண்டுதான் விலை சொல்வேன்.

பாதை திறந்திருந்த காலத்தில் வெள்ளவத்தையில் பின்னேரம் பஸ் ஏறினால் மறுநாள் யாழ்ப்பாணம். ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். வழியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, ஏறி, மறுபடியும் இறங்க வேண்டும். ஆனாலும் போய்விடலாம். பாதை மூடிய பிறகு இரண்டு வழிதான் மிச்சம். ஒன்று, திருகோணமலைக்குப் போய் அங்கே கப்பலுக்குக் காத்துக் கிடப்பது. மற்றது விமானம். கொழும்புக்குப் பக்கத்தில் ரத்மலானையில் ஏறினால் ஒரு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்துப் பலாலி என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்த ஒரு மணித்தியாலம் பறப்பதற்கு அனுமதி எடுக்க வேண்டும், ஆசனம் கிடைக்க வேண்டும், கிடைத்த விமானம் அன்றைக்குப் பறக்கவும் வேண்டும். அதோடு ஒரு பயமும் இருந்தது. முன்பு ஒரு தடவை அந்த வழியில் போன விமானம் ஒன்று போய்ச் சேரவில்லை. அதைப்பற்றி யாரும் வாய்விட்டுக் கதைக்க மாட்டார்கள். ஏறும்போது எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள்.

எனக்கு ஒரேயொரு தங்கை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் இருவருக்கும் இடையில் அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தன. மூன்றும் மஞ்சளாகிப் போய் ஒரு கிழமைகூடத் தங்கவில்லை. ஊரில் தோஷம் என்றார்கள். அம்மா போகாத கோயில் இல்லை. தங்கை கர்ப்பமான பிறகுதான் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் அதன் காரணத்தைச் சொன்னாராம். அம்மாவின் இரத்தம் நெகட்டிவாக இருந்திருக்க வேண்டும். தங்கையின் இரத்தமும் நெகட்டிவ். அப்படியான தாய்க்கு முதல் பிள்ளை பொசிட்டிவ் இரத்தத்தோடு பிறந்தால், அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று நாளுக்குள் தாய்க்கு ஓர் ஊசி போட வேண்டும். போடாவிட்டால் அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து. பாதை மூடியதால் அந்த ஊசி அங்கே முடிந்துவிட்டது. நான் கொழும்பில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதைக் குளிரில் வைத்தே கொண்டுபோக வேண்டும். உறையவும் கூடாது.

பிள்ளை பிறக்கும் திகதியைப் பார்த்து முன்கூட்டியே அனுமதி எடுத்து, ஒரு வியாழக்கிழமை விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்து வைத்திருந்தேன். பிள்ளை அவசரப்பட்டுவிட்டது. செவ்வாய்க்கிழமை காலையில் கீழ் வீட்டுத் தொலைபேசிக்குத் தங்கையின் கணவர் எடுத்தார். முதல் நாள் இரவு பெண் பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையின் இரத்தம் பொசிட்டிவ்.

"வியாழன் பின்னேரத்துக்குள்ள போட்டிட வேணும் எண்டு டொக்டர் சொல்லுறார் அண்ணை. உங்கட பிளேன் வியாழன்தானே? தவறாதுதானே?" என்றார்.

தவறாது என்று சொன்னேன். சொல்லிவிட்டு வைத்த பிறகுதான் யோசித்தேன். விமானம் தவறாது என்று சொல்ல நான் யார்?

அன்றைக்குக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலி வீதியில் இருந்த விமானக் கம்பனி அலுவலகத்துக்குப் போனேன். என்றைக்கும் வாய் திறக்காத நான் அன்று கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கவுண்டரில் இருந்த இளம் பெண்ணிடம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். இங்கிருந்து பஸ் எத்தனை மணிக்கு? ரத்மலானையில் பையை வாங்கினால் எவ்வளவு நேரம் கழித்து விமானத்தில் ஏற்றுவார்கள்? எல்லாப் பையையும் திறந்து பார்ப்பார்களா? கையில் ஒரு சின்னச் சாமான் வைத்திருக்க விடுவார்களா? ஏறி எத்தனை நிமிடத்தில் இறங்கும்? இடையில் ஏதும் சுணங்குமா? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஐஸ் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதுதான். ஆனால் ஐஸைப்பற்றியோ ஊசியைப்பற்றியோ நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அந்தப் பெண்ணின் பதில்கள் வரவரச் சுருங்கின. கடைசியில் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏன் இதெல்லாம் கேக்கிறீங்கள்?"

எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் பிள்ளைப்பேற்றுக் கதையை அந்நியப் பெண்களிடம் கதைப்பதில்லை. அதிலும் என்னைப் போன்ற ஒருவன், திருமணம் ஆகாதவன், வயதுக்கு வந்த ஒரு பெண் பிள்ளையிடம் பிரசவம், இரத்தம் என்று எப்படித் தொடங்குவது? எனக்குக் காது சுட்டது.

"சும்மாதான்," என்றேன்.

திரும்பியபோது என் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெலிந்த ஆள், கட்டை மீசை, கோடுபோட்ட ஷேர்ட். பக்கத்தில் அவருடைய மனைவி ஒரு சிறு பெண் பிள்ளையைத் தூக்கி வைத்திருந்தார். நான் விலகியதும் அந்த அம்மா பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றினார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை ஊசியை வாங்கினேன். என்ன மருந்து என்று எழுதி பாமஸியில் ஒரு கடிதமும் கொடுத்தார்கள். வீட்டுக்காரம்மாவிடம் தங்கச்சிக்கு மருந்து என்று சொல்லி அவருடைய பிரிஜ்ஜில் வைத்தேன். அவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, தாய் வயது. பிறகு, வாய் அகன்ற பிளாஸ்க் ஒன்று வாங்குவதற்காகக் காலி வீதிக்குப் போனேன். கடையில் நிற்கும்போது கண்ணாடியில் தற்செயலாகக் கண்டேன். வீதிக்கு அந்தப் பக்கம் அதே கட்டை மீசைக்காரர்.

இதை எழுதும்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றாது. அந்தக் காலத்தில் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் உங்களை இரண்டு தடவை பார்த்தால் நீங்கள் வழியை மாற்றிப் போவீர்கள். வெள்ளை வான்களில்தான் ஆட்களைக் கடத்திக்கொண்டு போவார்கள்; அப்படி ஒன்று லேனுக்குள் மெதுவாகப் போனால் யன்னல்கள் சாத்தப்படும். எங்கள் ஆட்களுக்குள்ளேயே பொலிசுக்குத் தகவல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள் என்று எல்லாரும் நம்பினோம். 'எந்த ஊர், எவடம்?' என்று பழக்கத்தில் கேட்டாலே ஆட்கள் பொய் ஊர் சொன்னார்கள். நான் நேரே வீட்டுக்குப் போகாமல் இரண்டு லேன் சுற்றி, சந்தைப் பக்கம் போய், ஒரு மரக்கறிக் கடையில் நேரம் கடத்தினேன். திரும்பிப் பார்த்தேன். அவர் இல்லை. அப்பாடா என்று வீட்டுக்கு வந்தால் வீட்டுக்காரம்மா கேற்றடியிலேயே நின்றார்.

"தம்பி, ஒருத்தர் வந்தவர். மேல ஆர் இருக்கிறது, எவ்வளவு காலம், என்ன வேலை எண்டெல்லாம் விசாரிச்சவர்."

"எப்பிடி ஆள் அன்ரி?"

"தமிழ் ஆள்தான். மெல்லிசா, மீசையோட. அதுதான் எனக்கு இன்னும் பயம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "நீர் நல்ல பிள்ளை எண்டு எனக்குத் தெரியும். பொலிஸ் பதிவும் இருக்குது. ஆனா பிரிஜ்ஜில வச்சிருக்கிறீரே, அது என்ன எண்டு எனக்கு உண்மையாத் தெரியாதுதானே."

"ஊசி அன்ரி. தங்கச்சிக்கு. சொன்னனானே."

"சொன்னனீர். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. அவங்கள் வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? அதை முதல்ல வெளியில எடும் தம்பி."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருடைய மகனை ஒரு தடவை விசாரணைக்கென்று கொண்டுபோய் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். மகன் இப்போது வெளிநாட்டில். வீட்டுக்காரம்மா அந்தப் பயத்தோடு தனியே இருந்தார். நான் முட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்த சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அறையில் கடற்காற்றும் சுட்டது. இனி ஐஸ்தான் வழி.

மீன் கடைக்கு ஓடினேன். மீன் கடை முஸ்லிம் நானாவிடம் ஐஸ் மட்டும் தரச் சொல்லிக் கேட்டேன்.

"மீன் வாணாமா? ஐஸ மட்டும் கொண்டு போய் என்னா கறி ஆக்கப் போறீங்க?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அப்பால், கருவாட்டுக் கடை ஓரம், கோடுபோட்ட ஷேர்ட் தெரிந்தது.

அறைக்கு வந்து கதவைப் பூட்டினேன். ஐஸை உடைத்து பிளாஸ்க்கில் போட்டு, ஊசி மருந்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, அதற்கு மேல் ஒரு சின்னத் துவாயும் சுற்றி உள்ளே வைத்தேன். இன்றைக்கு என்னைக் கொண்டுபோனால் இந்தப் பிளாஸ்க் இப்படியே இந்த மேசையில் இருக்கும். ஐஸ் தண்ணீராகும். நாளைக்குத் தங்கையின் கணவர் பஸ் நிற்கும் இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பிப் போவார். என்னைப்பற்றி நினைத்ததைவிட அதைத்தான் நினைத்தேன். அம்மா அந்த மூன்று பிள்ளைகளுக்கும் தைத்த சட்டைகளை ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தார். தங்கையும் அப்படி ஒரு பெட்டி வைத்திருக்கக் கூடாது.

விளக்கேற்றுகிற நேரம் மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மாவின் நடை அல்ல. கதவைத் தட்டும் சத்தம். மெதுவாகத்தான் தட்டினார்கள்.

திறக்காமல் இருந்து பயனில்லை என்று தெரியும். திறந்தேன். அவர்தான். தனியே நின்றார். இரண்டு கைகளையும் எனக்குத் தெரியும்படி முன்னால் கோர்த்து வைத்திருந்தார்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. நான் தனியத்தான் வந்தனான்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"செவ்வாய்க்கிழமை ஒபிசில உங்களுக்குப் பின்னால நிண்டனான். நீங்கள் கேட்டது முழுக்கக் கேட்டுக்கொண்டு நிண்டனான். அண்டைக்கே பின்னால வந்து உங்கட வீட்டைப் பாத்து வச்சனான். நாளைக்கு அந்தப் பிளேனில நாங்களும் வாறம். நான், மனிசி, பிள்ளை. பிள்ளைக்கு நாலு வயது." அவருக்கு மூச்சு வாங்கியது. "என்ன கொண்டு வாறியள் அண்ணை?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. பை எப்போது கையை விட்டுப் போகும், எல்லாவற்றையும் திறப்பார்களா, ஏறி எத்தனை நிமிடம், இடையில் சுணங்குமா. நான் கேட்ட கேள்விகளை அவருடைய காதால் இப்போதுதான் கேட்டேன். இவர் என்னைப் பிடித்துக் கொடுக்க வந்தவர் அல்ல. நான் விமானத்தில் குண்டு கொண்டு வருகிறேன் என்று பயந்து வந்தவர்.

ஆனாலும் உடனே நம்பிவிடவில்லை. இப்படிக் கதை கொடுத்து வாயைப் பிடுங்குவதும் அப்போது நடந்ததுதான்.

"உங்கட டிக்கெட்டைக் காட்டுங்கோ," என்றேன். என் வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நான் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ஷேர்ட் பைக்குள் இருந்து மூன்றையும் எடுத்துக் காட்டினார். வியாழக்கிழமை. அதே விமானம். ஒன்று சிறுபிள்ளை டிக்கெட்.

நான் மேசையில் இருந்த பிளாஸ்க்கைக் காட்டினேன். "திறக்கட்டே?"

"திறவுங்கோ."

மூடியைத் திருகும்போது அவர் ஒரு படி கீழே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஆனால் ஓடவில்லை. அதற்குள் என்ன இருக்கும் என்று அவர் நினைத்தாரோ, அதை நினைத்துக்கொண்டே அங்கே நின்றார்.

துவாயைப் பிரித்து, தாளைப் பிரித்து, சுண்டுவிரல் அளவு இருந்த அந்தக் குப்பியைக் காட்டினேன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் மூன்று பிள்ளைகள், தங்கையின் இரத்தம், மூன்று நாள் கணக்கு. முதல் தடவையாக ஒருவருக்கு முழுவதும் சொன்னேன். பாமஸிக் கடிதத்தையும் கொடுத்தேன். அவர் அதை வாசித்துவிட்டு மாடிப்படியில் அப்படியே இருந்துவிட்டார்.

"இதை அண்டைக்கே கவுண்டரில இருந்த பிள்ளையிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"பொம்பிளைப் பிள்ளையிட்ட பிள்ளைப்பெத்த கதை எப்பிடிச் சொல்லுறது?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சத்தமில்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "அண்ணை, உங்கட வெக்கத்தால நான் ரெண்டு நாளாச் சோறு தின்னேல்லை," என்றார்.

ஆனாலும் அவருக்கும் முழு நம்பிக்கை வரவில்லை. ஊசி என்று எதையும் எழுதி ஒட்டலாம்தானே. "குறை நினைக்காதேங்கோ, உங்கட தங்கச்சி புருஷனோட நானும் ஒருக்காக் கதைக்க வேணும்" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு பேரும் காலி வீதியில் இருந்த கொமினிகேஷன் என்கிற தொலைபேசிக் கடைக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக்கு லைன் கிடைக்க நேரமெடுத்தது. நான் அறிமுகம் சொல்லிவிட்டு ரிசீவரை அவரிடம் கொடுத்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, "பிள்ளை என்ன நிறை?" என்று கேட்டார். பதிலைக் கேட்டு வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணை, பிள்ளை என்ன நிறை?"

எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது ஊசிதான் மண்டைக்குள் நின்றது.

"தாய்மாமனுக்கு நிறை தெரியாதோ?" என்று கண்ணைச் சுருக்கினார். நான் திக்குமுக்காடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பொய் சொல்லுற ஆள் எண்டா ஏதோ ஒரு நிறை சொல்லியிருப்பான்," என்று ரிசீவரை வைத்தார்.

திரும்பி நடக்கும்போது கேட்டேன், ஏன் பொலிசுக்குச் சொல்லவில்லை என்று. மனைவி முதல் நாளே சொல்லச் சொன்னாராம். இல்லாவிட்டால் டிக்கெட்டைக் கிழித்துவிட்டு வீட்டில் இருப்போம் என்றாராம்.

"வீட்டில இருக்கலாம். மிச்சச் சனம் ஏறப் போகுதே," என்றார். "சொல்லியிருக்கலாம்தான். ஒரு போன் கோல் காணும். ஆனா நான் நினைச்சது பிழை எண்டா, பிறகு ஆரிட்டப் போய் உங்களைத் திருப்பிக் கேக்கிறது?"

வியாழக்கிழமை காலையில் அலுவலகத்தின் முன்னால் எல்லாரும் கூடினோம். அவருடைய மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. பஸ்ஸில் எனக்கு எதிர்ப்புறம் இருந்து, பிள்ளையை யன்னல் பக்கம் வைத்துக்கொண்டார். கணவர் சொன்னதை அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

ரத்மலானையில் பைகளை மேசையில் கொட்டிச் சோதித்தார்கள். என் முறை வந்தது. ஓர் அதிகாரி பிளாஸ்க்கைத் திறந்தார். துவாயைத் தூக்கிப் பார்த்தார். கேள்வி சிங்களத்தில் வந்தது. கடையில் சாமான் விற்கிற அளவுக்கு எனக்குச் சிங்களம் தெரியும். ஆணி, பெயின்ட், சங்கிலி எல்லாம் சொல்வேன். பிள்ளைப்பேறு பற்றிச் சொல்லத் தெரியாது. கடிதத்தை நீட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு மறுபடி என்னைக் கேட்டார். நான் கடிதத்தையே மறுபடி காட்டினேன். வியர்த்தது. எனக்கு வியர்க்க வியர்க்க அவருடைய முகம் மாறியது. பிளாஸ்க்கை மூடாமலே தூக்கி, வெயிலில் கிடந்த இன்னொரு மேசையைக் காட்டி, அங்கே கொண்டுபோகும்படி ஒரு சிப்பாயிடம் கொடுத்தார். அந்த மேசையில் வைத்தவை இலேசில் திரும்பி வராது என்று வரிசையில் எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் பின்னால் இருந்து கட்டை மீசைக்காரருடைய மனைவியின் குரல் கேட்டது. "மஹத்தயா," என்று மரியாதையாகத் தொடங்கி, நல்ல சிங்களத்தில், நிறுத்தாமல் சொன்னார். அவர் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிள்ளை பெற்ற தாய்க்கு மருந்து, இன்று பின்னேரத்துக்குள் போட வேண்டும், வெயிலில் வைத்தால் பழுதாகிவிடும். பெண்கள் விஷயம், இவருக்குச் சொல்ல வெட்கம் என்றும் சொன்னார் போலிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெண் சிப்பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. என்னைக் காட்டி, "கவுத மே?" என்று கேட்டார். இது யார் என்று.

அந்த அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து அதுதான் முதல் தடவை. "அபே அய்யா," என்றார். எங்கள் அண்ணன்.

அந்தக் காலத்தில் அந்த இடத்தில் ஒருவனை அண்ணன் என்று சொல்வது சின்ன விஷயம் அல்ல. பிளாஸ்க்குக்குள் வேறு ஏதும் இருந்திருந்தால், என் பெயர் தேடப்படுவோர் பட்டியலில் இருந்திருந்தால், அவரும் பிள்ளையும் என்னோடு போயிருப்பார்கள். சிப்பாய் பிளாஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்து தந்தான்.

விமானம் சுணங்கியது. பலாலியில் இறங்க அனுமதி வரவில்லை என்றார்கள். தகர மண்டபத்துக்குள் மின்விசிறிகூடச் சுடுகாற்றுத்தான் வீசியது. மத்தியானம் தாண்டியது. நான் பிளாஸ்க்கை ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஐஸ் முட்டும் சத்தம் குறைந்து, தண்ணீர்ச் சத்தம்தான் கேட்டது. யாரிடமும் சொல்லாமல் அதையே பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, காதில் வைத்துப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற சிப்பாயிடம் போய், "மல்லி" என்று தம்பி முறை சொல்லிக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அவன் கன்டீன் பக்கம் போய் ஒரு பொலித்தீன் பையில் ஐஸ் கொண்டுவந்தான். அவரே தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, ஐஸைப் போட்டு, துவாயை இறுக்கி மூடித் தந்தார். "வாய் இருக்குத்தானே அண்ணா, கேட்டா என்ன?" என்றார். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னார்.

ஏறும்போது அவருடைய கணவர் பிளாஸ்க்கை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார். "நான் வச்சிருக்கிறன்," என்றார். தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டார். பலாலிப் படைத்தளம் தெரியாதபடி, இறங்க முன்னர் யன்னல் மூடிகளைக் கீழே இழுக்கச் சொன்னார்கள். ஒரு மணித்தியாலம் என்பார்கள். சரியாகத்தான் இருந்திருக்கும். எனக்கு அது நெடுநேரமாக இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று அவர் கைகளைப் பார்த்தபோது தெரிந்தது.

பலாலியில் மறுபடி சோதனை, மறைத்த யன்னல்களோடு மறுபடி பஸ். யாழ்ப்பாண நகரத்தில் இறங்கியபோது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரடங்கு. தங்கையின் கணவர் சைக்கிளோடு ஓடி வந்தார். கட்டை மீசைக்காரர் அப்போதுதான் பிளாஸ்க்கை என்னிடம் தந்தார். அவருடைய ஷேர்ட் வயிற்றடியில் வட்டமாக நனைந்திருந்தது.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னத்துக்குத் தம்பி முழுக்க நீங்களே வச்சிருந்தனீங்கள்?"

"உண்மையைச் சொல்லட்டே அண்ணை? பாதி உங்களுக்காக. பாதி எனக்காக," என்றார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மனைவியோடு மற்றப் பக்கம் நடந்து போய்விட்டார். பெயர் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

சைக்கிள் பாரில் என்னை இருத்தி, தங்கையின் கணவர் ஆஸ்பத்திரிக்கு மிதித்தார். அன்று இருட்ட முன்னமே ஊசி போட்டாயிற்று. வார்டுக்கு வெளியே நின்று, மருமகளின் நிறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான்கு வருடம் கழித்துத் தங்கைக்கு ஓர் ஆண் பிள்ளை பிறந்தான். மஞ்சளாகவில்லை. அவன் இப்போது என்னைவிட உயரம், என்னைப்போல இல்லாமல் ஓயாமல் கதைப்பான்.

அந்த மனிதரைப்பற்றி நினைக்கும்போதெல்லாம், நல்லவர்கள் என்றால் மற்றவர்களை நம்புகிறவர்கள் என்று நான் எண்ணி வந்தது பிழை என்று தெரிகிறது. அவர் என்னை நம்பவில்லை. விமானம் தரையைத் தொடும்வரை முழுதாக நம்பவில்லை. என்னைப்பற்றி ஒரு வார்த்தை சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது, பயமும் இருந்தது, மடியில் ஒரு பிள்ளையும் இருந்தது. அந்த வருடங்களில் அப்படிச் சொல்லப்பட்ட ஒரு வார்த்தையால் போன எத்தனையோ பேர் இன்னும் திரும்பி வரவில்லை. நான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதுவது, என்னை நம்பாத ஒருவர், நம்பாமலே மாடிப்படி ஏறி வந்து என் கதவைத் தட்டிக் கேட்டதால்தான்.